பழைய யூனிமேட்டில் எது எந்த மாடல்: ஓட்டிப் பார்த்தவன் சொல்வது

மாடல் நீராவி எஞ்சின்களுக்கான சின்ன பாகங்களை யூனிமேட் என்ற குட்டி மேஜை மெஷினில்தான் பல வருடமாகக் கடைந்துகொண்டிருக்கிறேன். "வீட்டில் ஒரு பழைய யூனிமேட் கிடக்கிறது, இது டிபி மாடலா எஸ்எல் மாடலா, இதில் மில்லிங் (சுழலும் கட்டரால் வெட்டுவது) ஓடுமா" என்று கேட்பவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக ஒரே இடத்தில்.

ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க்குக்குத் தெற்கே ஹாலைன் என்ற ஊரில் இருந்த மையர் கம்பெனி, எம்கோ என்ற பிராண்டில் 1950களில் கொண்டுவந்த மேஜை மெஷின் இது. அடிப்படையில் குட்டி லேத், அதாவது உலோகத்தைச் சுழற்றிக் கடையும் மெஷின். ஹெட்ஸ்டாக்கை (சுழலும் அச்சான ஸ்பிண்டில் இருக்கும் தலைப்பகுதி) கழற்றிப் பின்பக்கம் நிற்கும் உருண்டைத் தூணில் மாட்டி, குறுக்கே நகரும் ஸ்லைடில் வேலையை (வெட்ட வேண்டிய துண்டை) இறுக்கினால் செங்குத்து மில்லிங் மெஷின் ஆகிவிடும். அமெரிக்காவில் இதை விற்றது அமெரிக்கன் எடெல்ஸ்டால் என்ற கம்பெனி, எனவே அந்தப் பேரைப் பார்த்துவிட்டு வேறு ஏதோ மெஷின் என்று குழம்ப வேண்டாம்.

மெஷினின் பெயர்த் தகட்டில் டிபி, டிபி 200, எஸ்எல், எஸ்எல் 1000 என்று என்னென்னவோ இருக்கும். அதைப் பார்த்து விலை பேசுகிறவர்கள் உண்டு, என்னைக் கேட்டால் அது வீண். இந்தக் குடும்பம் முழுக்க ஒரே எலும்புக்கூடுதான்: இரண்டு உருண்டைக் கம்பிகள்மேல் ஓடும் கேரேஜ் (வெட்டும் கருவியைத் தாங்கி நகரும் பகுதி), 36 மி.மீ. மைய உயரம் (படுக்கையிலிருந்து ஸ்பிண்டில் மையம் வரை), ஸ்பிண்டில் மூக்கில் எம்12x1 மரை (12 மி.மீ. விட்டம், 1 மி.மீ. புரி இடைவெளி). பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துவதால் பழைய உரிமையாளர்கள் இஷ்டத்துக்கு மாற்றி மாட்டியிருப்பார்கள். ஒன்றின் உடம்பு, இன்னொன்றின் மோட்டார், மூன்றாவதின் தகடு என்று சந்தைக்கு வரும்.

அப்புறம் எதைப் பார்ப்பது? ஒரு காந்தம் எடுத்துப் போங்கள். சில மெஷின்களில் பெரிய வார்ப்புகள் வார்ப்பிரும்பு, சிலவற்றில் காந்தம் ஒட்டாத, அச்சில் அழுத்தி வார்த்த டைகாஸ்ட் உலோகம். லேத்தாக மட்டும் ஓட்டினால் பெரிய வித்தியாசம் தெரியாது, மில்லிங்கில் வெட்டு விட்டுவிட்டு விழுவதால் அதிர்வு அதிகம், அங்கே இரும்பின் எடை கைகொடுக்கும். டைகாஸ்ட் என்றால் தூணை இறுக்கும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், ஆலன் சாவியை முரட்டுத்தனமாக முறுக்கினவர்கள் கையில் இருந்த மெஷினில் அது நடக்கும்.

அடுத்தது ஸ்பிண்டில் மரை. இதுதான் உண்மையான அடையாள அட்டை. எம்12x1 என்றால் டிபி/எஸ்எல் குடும்பம். எம்14x1 என்றால் கையில் இருப்பது பெரும்பாலும் யூனிமேட் 3, 1970களில் வந்த வேறு வடிவமைப்பு: கம்பிகளுக்குப் பதில் வார்ப்பிரும்புப் படுக்கை, 46 மி.மீ. மைய உயரம், மில்லிங்குக்குத் தனித் தூண். டிபி/எஸ்எல்லின் சக்கை (ஸ்பிண்டிலில் மாட்டி வேலையைப் பிடிக்கும் கருவி) இதில் அடாப்டர் இல்லாமல் மாட்ட முடியாது. விற்பவர் வெறும் "யூனிமேட்" என்று மட்டும் போட்டிருந்தால், படுக்கையின் படம் ஒன்று கேளுங்கள். இரண்டு கம்பி தெரிகிறதா இல்லையா என்பதிலேயே பாதி விஷயம் முடிந்துவிடும்.

சரி, மில்லிங் எப்படி ஓடுகிறது? பித்தளையும் அலுமினியமும் நன்றாகவே வெட்டும், ஆழத்தில் பேராசைப்படாமல் இருந்தால். எஃகு என்றால் சின்ன கட்டர், மெல்லிய வெட்டு, நிறையப் பொறுமை, இல்லாவிட்டால் கம்பிகள் வளைந்து கொடுத்து மேற்பரப்பில் அலை அலையாகக் கோடு விழும். எண்ட் மில்லை (மில்லிங் கட்டர்) சாதாரணச் சக்கில் பிடிக்கவே பிடிக்காதீர்கள், ஓடும்போதே மெதுவாக நழுவி இறங்கி வேலைக்குள் போய்விடும். எம்12 மரைக்குத் தனியாக, கட்டரைச் சுற்றிலும் இறுக்கிப் பிடிக்கும் காலெட் சக் ஒன்று வாங்கிவிடுங்கள், எனக்கு இந்த மெஷினில் போட்ட காசில் அதுதான் மிக உருப்படியானது. ஆழத்தை நுணுக்கமாக இறக்குவதும் தலைவலிதான், குவில்லை (ஸ்பிண்டிலோடு மேலும் கீழும் நகரும் குழாய்) கைப்பிடியால் இறக்கி, நகர்வை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்து, பூட்ட வேண்டும், பூட்டும்போது ஒரு பொட்டு நகரும். தூண் உருண்டை என்பதால் தலையை ஏற்றி இறக்கினால் பக்கவாட்டில் திரும்பி மையம் போய்விடும், ஆகவே உயரத்தை முதலிலேயே முடிவுபண்ணிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கிறேன்.

மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை. தொடர்ந்து ஓட்டுவதற்கான மோட்டார் இல்லை அது, கை வைத்தால் சுடும், ஆற விட்டுத்தான் மறுபடி ஓட்ட வேண்டும். கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். பலர் தையல் மெஷின் மோட்டார் மாற்றியிருப்பார்கள், எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. பெல்ட் அறுந்தால் சரியான அளவு ஓ-ரிங்கே (ரப்பர் வளையம்) போதும்.

மில்லிங்தான் முக்கிய நோக்கம் என்றால், தூணும் மில்லிங் தலையும் சேர்ந்த யூனிமேட் 3ஐத் தேடுங்கள். லேத் வேலைக்கு நடுவே எப்போதாவது ஒரு தட்டையான முகம், ஒரு சாவிப்பள்ளம் என்றால் எஸ்எல் தாராளமாகப் போதும். எதை வாங்கினாலும், பெட்டியில் தூணும் அதை இறுக்கும் துண்டும் இருக்கிறதா என்று காசு கொடுப்பதற்கு முன்னாலேயே கேளுங்கள். "லேத் மட்டும்தான் இருக்கிறது" என்று மலிவாகக் கிடைத்ததற்கு அப்புறமாகத் தூண் தேடி வாங்கினால், மொத்தக் கணக்கில் முழு செட்டைவிட அதிகமாகிவிடும்.