பண்டைக் கிரேக்கம்: ஆட்டிக்கில் தொடங்குவதா, ஹோமரிலா, கொய்னேயிலா?

பண்டைக் கிரேக்கத்தை அரிச்சுவடியிலிருந்து தொடங்கும் பல்கலைக்கழக மாணவருக்கு மூன்று வழிகள் உண்டு. கி.மு. 5, 4-ஆம் நூற்றாண்டு ஏதென்ஸின் ஆட்டிக் ஒன்று. இலியட்டும் ஒடிசியும் அமைந்திருக்கும் ஹோமரின் காவிய மொழி இன்னொன்று. அலெக்சாண்டருக்குப் பிறகு கிழக்கு மத்தியதரைக் கடல் நாடுகளில் பொதுமொழியாகப் பரவிய கொய்னே மூன்றாவது. புதிய ஏற்பாடு இதில்தான் எழுதப்பட்டது. கிளாசிக்ஸ் துறைகள் பெரும்பாலும் ஆட்டிக்கில் தொடங்குகின்றன, இறையியல் துறைகள் கொய்னேயில், சில இடங்கள் ஹோமரில். மூன்றும் ஒரே மொழிதானே, ஒன்று தெரிந்தால் மற்றவை தானாக வரும் என்பது பரவலான நம்பிக்கை. தானாக வருவதில்லை. இரண்டாம் ஆண்டில் எங்கே திணறுவோம் என்பதை, முதல் ஆண்டில் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதுதான் முடிவு செய்கிறது.

மூன்றின் தொடக்க வரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதி விளங்கிவிடும்.

யோவான் நற்செய்தி இப்படித் தொடங்குகிறது: 'என் ஆர்க்கே ஏன் ஹொ லொகொஸ்', ஆதியிலே வார்த்தை இருந்தது. ஐந்து சொற்கள். ஒரு முன்னிடைச்சொல், நான்காம் வேற்றுமையில் ஒரு பெயர், 'இருந்தது' என்னும் வினை, ஆங்கில 'the' போலப் பெயருக்கு முன் வரும் சார்படை, எழுவாய். முதல் சில வாரப் பாடங்களிலேயே இத்தனையும் வந்துவிடும். ஆட்டிக் படித்தவருக்கும் இதில் புதிதாக எதுவும் இல்லை.

இலியட்டின் முதல் வரியும் ஐந்தே சொற்கள்தான்: 'மேனின் அஎய்டே தெயா பேலேயியாடெயோ அகிலேயொஸ்', பேலியூஸின் மகன் அகிலீஸின் சினத்தைப் பாடு தேவியே. இலக்கணம் எளிது: செயப்படுபொருள், ஏவல், விளி, ஆறாம் வேற்றுமையில் இரண்டு பெயர்கள். வடிவங்கள்தாம் வேறு. 'அஎய்டே' ஆட்டிக்கில் 'ஆய்டே' என்று சுருங்கும். 'அகிலேயொஸ்' அங்கே 'அகில்லெயோஸ்'. இந்த வரியில் ஒற்றை லகரமாக நிற்கும் அந்தப் பெயர், ஹோமரிலேயே வேறு வரிகளில் இரட்டை லகரமாக வரும். எது வேண்டும் என்பதை யாப்பு தீர்மானிக்கிறது.

சாக்ரடீஸின் நீதிமன்ற உரையாகப் பிளேட்டோ எழுதிய அப்பாலஜி ஆட்டிக்கில் இப்படித் தொடங்குகிறது: 'ஹொட்டி மென் ஹுமெய்ஸ், ஓ ஆண்ட்ரெஸ் அதேனாயோய், பெப்போந்தட்டெ ஹுபோ டோன் எமோன் கட்டேகோரோன், ஊக் ஒய்டா'. ஏதென்ஸ் மக்களே, என்மேல் குற்றம் சாட்டியவர்களால் நீங்கள் எப்படி ஆனீர்களோ, எனக்குத் தெரியாது. இங்கே சொற்கள் கடினமல்ல, கட்டுமானம்தான் கடினம். முதலில் வருவது துணைவாக்கியம். 'தெரியாது' என்ற முதன்மை வினைக்குக் கடைசிவரை காத்திருக்க வேண்டும். 'பெப்போந்தட்டெ' வடிவத்தில் செய்வினை, பொருளில் செயப்பாட்டுவினை. அதனால்தான் 'இன்னாரால்' என்ற தொடர் அதோடு சேர்கிறது. 'ஒய்டா' வடிவத்தில் முற்றுக் காலம், பொருளில் நிகழ்காலம். இரண்டாம் சொல்லாக நிற்கும் 'மென்' என்ற இடைச்சொல், 'ஆனால் நானோ' என்று அடுத்த வாக்கியம் வரப்போவதை இங்கேயே சொல்லிவிடுகிறது.

இலக்கியம் படிக்க வந்தவர் ஆட்டிக்கில் தொடங்குவதே சரி என்பதற்கு இந்த வாக்கியமே காரணம். 'ஆட்டிக்தான் செம்மையான கிரேக்கம்' என்ற வழக்கமான வாதத்தில் வலுவில்லை. ஹோமரைவிட, ஆட்டிக்கில் நீதிமன்ற உரைகள் எழுதிய லிசியாஸ் எந்த வகையிலும் உயர்ந்தவர் அல்ல. கிரேக்கத்தில் மிகக் கடினமான மூன்று விஷயங்கள், அதாவது ஒழுங்கற்ற வினைகள், அடுக்கடுக்கான துணைவாக்கியங்கள், இடைச்சொற்கள், ஒருசேரப் பயிற்சியாவது ஆட்டிக் உரைநடையில்தான். அதைக் கடந்தவருக்கு மற்ற இரண்டும் இறக்கம். எதிர்த்திசையில் வருபவருக்கு ஏற்றம்.

கொய்னேயின் பெரும்பலம் அதன் சிறிய எல்லை. புதிய ஏற்பாடு 27 நூல்கள், சுமார் 1,38,000 சொற்கள். வெவ்வேறு சொற்களாக எண்ணினால் ஏறத்தாழ 5,400. 50 தடவைக்கு மேல் வருபவை 300 சொச்சம்தான். அவற்றைக் கற்றால் மொத்தச் சொற்களில் சுமார் 80 சதவீதம் கைக்கு வந்துவிடும். நாளுக்குப் 10 சொல் என்றால் ஒரே மாத வேலை. இவ்வளவு விரைவாக மூல நூலில் கைவைக்க வேறு வழியில்லை. ஆரம்பகாலக் கிறிஸ்தவத்தை ஆய்வு செய்யப்போகிறவர் இதில் தொடங்குவதே முறை.

விலை பிறகு தெரியும். விருப்பத்தையும் 'நடந்தால்' என்ற ஐயத்தையும் காட்டும் வியங்கோள் போன்ற வினைநிலை, ஆப்டடிவ், புதிய ஏற்பாடு முழுவதிலும் 70-க்கும் குறைவான இடங்களில்தான் வருகிறது. அவற்றில் 15 இடங்கள் 'மே கெனொய்ட்டோ', அப்படி ஆகவே வேண்டாம், என்ற ஒரே தொடர். பிளேட்டோவிலோ அதைச் சந்திக்காமல் சில பக்கங்கள்கூடக் கடக்க முடியாது. இரண்டை மட்டும் குறிக்கும் இருமை எண் கொய்னேயில் அறவே இல்லை. இன்னொரு சிக்கல், பலர் நற்செய்திகளைத் தாய்மொழியில் ஏற்கெனவே அறிந்தவர்கள். விகுதியைப் பார்க்காமலே பொருள் சொல்லிவிடுவார்கள், தேர்விலும் தேறிவிடுவார்கள். முன்பின் தெரியாத ஒரு பத்தியைக் கொடுத்தால்தான் ஓட்டை வெளிப்படும். அதைத் தடுக்க மாதம் ஒருமுறை பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்டுவஜின்ட்டிலிருந்தோ, தத்துவவாதி எபிக்டெட்டஸிலிருந்தோ அறியாத பத்து வரியை அகராதி இல்லாமல் பெயர்த்துப் பார்க்க வேண்டும்.

ஹோமரில் தொடங்குவதற்கு ஆதரவாகச் சொல்ல நிறைய உண்டு. வாக்கியங்கள் குறுகியவை, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தவை. அடைமொழித் தொடர்கள் திரும்பத் திரும்ப வந்து மனத்தில் பதியும். வினைகளில் உயிரெழுத்துகள் பல இடங்களில் சுருங்காமல் நிற்பதால் பகுதி எது, விகுதி எது என்று கண்ணுக்குத் தெரியும். இலியட்டின் முதல் புத்தகம் 611 வரி. நாளுக்குப் பத்து வரி என்றால் இரண்டே மாதம். கிளைட் ஃபார் 1920-இல் வெளியிட்ட பாடநூல் இந்த முதல் புத்தகத்தை வைத்தே முழு இலக்கணத்தையும் கற்பிக்கிறது. கிரேக்கத்துக்கு ஒரே ஆண்டுதான் ஒதுக்க முடியும் என்பவர் இதைத் தேர்ந்தால், ஆண்டு முடிவில் உண்மையான பெரும் இலக்கியத்தைப் படித்திருப்பார். பாடநூல் வாக்கியங்களோடு நின்றுபோவதைவிட அது எவ்வளவோ மேல்.

தொடர்ந்து படிக்கப்போகிறவருக்கு இரண்டு இடங்களில் இடிக்கும். முதலாவது, ஒரே இலக்கணப் பொருளுக்குப் பல வடிவங்கள். 'இருக்க' என்பதற்கு ஆட்டிக்கில் 'எய்னாய்' ஒன்றே. ஹோமரில் அதனோடு எமெனாய், எம்மெனாய், எமென், எம்மென் என்று ஐந்து. இரண்டாவது, இறந்தகால வினைக்கு முன் ஆட்டிக்கில் கட்டாயமாக வரும் எகரம் ஹோமரில் வரலாம், வராமலும் போகலாம். இதிலேயே பழகியவர் ஆட்டிக் உரைநடை எழுதும் பயிற்சியில் அந்த எகரத்தை விட்டுவிட்டு மதிப்பெண் இழப்பார். பெயருக்கு முன் வரும் சார்படையிலும் இதே கதை: ஹோமரில் அது பெரும்பாலும் 'அவன், அது' என்னும் சுட்டு, ஆட்டிக்கில் வாக்கியத்தைக் கட்டிப்பிடிக்கும் ஆணி.

ஆட்டிக்கில் தவறு நடக்கும் இடம் வேறு: ஆறு அடிவடிவங்களைத் தள்ளிப்போடுவது. ஒவ்வொரு வினைக்கும் நிகழ்காலம் முதல் செயப்பாட்டு இறந்தகாலம் வரை ஆறு அடிகள் உண்டு. 'எடு' என்ற வினைக்கு லம்பானோ, லேப்ஸோமாய், எலபோன், எய்லேஃபா, எய்லேம்மாய், எலேஃப்தேன். முதலாவதை வைத்து மற்றதை ஊகிக்க முடியாது. 'பெய்ஸோமாய்' இன்னும் பொல்லாதது: 'படுவேன்' என்றும் பொருள், 'கீழ்ப்படிவேன்' என்றும் பொருள், இரண்டும் வேறு வேறு வினைகளின் எதிர்காலம். வாரத்துக்கு ஐந்து வினை, ஆறு அடிகளையும் வாய்விட்டுச் சொல்லி, எழுதி, முதல் மாதத்திலேயே ஆரம்பித்தால் ஆண்டு முடிவுக்குள் முக்கியமான நூறும் கைவசமாகும். இறுதித் தேர்வுக்கு முன் ஒரேயடியாகப் படித்தால் நிற்காது.

ஒரு விஷயத்தில் தமிழ் வாசகருக்குத் தனி வசதி உண்டு. கிரேக்க உரைநடை எச்சங்களால் ஓடுகிறது. 'வாளை எடுத்துக்கொண்டு போனான்' என்பதில் எடுத்தவனும் போனவனும் ஒருவனே. 'சூரியன் உதிக்க, படை கிளம்பியது' என்பதில் எழுவாய் இரண்டு. கிரேக்கமும் இதே வேறுபாட்டைப் பார்க்கிறது: எச்சத்தின் எழுவாய் வாக்கியத்தில் வேறெங்கும் இடம்பெறாதபோது, அந்த எழுவாயையும் எச்சத்தையும் ஆறாம் வேற்றுமையில் வைத்துவிடும். தமிழில் எச்சம் திரிவதில்லை, கிரேக்கத்தில் பால், எண், வேற்றுமை மூன்றுக்கும் திரியும். அதனால் எச்சத்தைக் கண்டவுடன் அதன் விகுதியோடு பொருந்தும் பெயரைத் தேடுவதே முதல் வேலை.

ஆட்டிக் என்று முடிவானபின் பாடநூல் இரு வகை. ஹேன்சன்-குவின் போன்றவை இலக்கணத்தை முன்வைப்பவை: 20 அலகுகள், ஆப்டடிவ் ஆரம்பத்திலேயே வந்துவிடும். அதெனாஸே போன்றவை டிகாயோபோலிஸ் என்ற விவசாயியின் கதையைத் தொடர்ந்து வாசிக்கவைத்து, ஆப்டடிவை இரண்டாம் தொகுதிக்குத் தள்ளிவைக்கின்றன. முதல் வகையில் வாய்பாடு தெரிந்தும் ஒரு பத்தியைத் தொடர்ந்து வாசிக்க வராது. இரண்டாம் வகையில் கதையின் போக்கை வைத்து ஊகிக்கும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். வாரம் நான்கைந்து மணி நேர வகுப்பு உள்ள ஈராண்டுப் படிப்புக்கு இரண்டாம் வகை பொருந்தும், வாய்பாட்டைத் தனியாக எழுதிப் பழகினால். கோடைகாலத் தீவிர வகுப்புக்கு முதல் வகை.

உச்சரிப்பு சிறிய விஷயம் போலத் தோன்றும், ஆனால் முதல் நாளே முடிவெடுக்க வேண்டியது. இன்றைய கிரேக்க முறையில் ஆறு எழுத்துமுறைகள் ஒரே இகர ஒலிக்கு வந்துவிட்டன. அதனால் 'ஹேமெய்ஸ்' (நாங்கள்), 'ஹுமெய்ஸ்' (நீங்கள்) இரண்டும் 'இமீஸ்'. புதிய ஏற்பாட்டுக் கையெழுத்துப் படிகளில் 'எங்கள்', 'உங்கள்' இடம் மாறிக் கிடப்பதற்கு இதுவும் காரணம். அப்பாலஜியின் முதல் வரியைச் செவியால் புரிந்துகொள்ள வேண்டுமானால் இந்த எழுத்துகளை வேறுபடுத்தி ஒலிக்கும் எராஸ்மஸ் முறையோ மீட்டெடுக்கப்பட்ட ஆட்டிக் முறையோ நல்லது. எதை எடுத்தாலும் நடுவில் மாற்றக் கூடாது. சொற்களை மறுபடி காதுக்குப் பழக்க வேண்டிவரும்.

கொய்னேயில் தொடங்கிவிட்டு ஆட்டிக்குக்கு வர விரும்புகிறவர் நேரே பிளேட்டோவுக்குப் போக வேண்டாம். செனபோனின் படையெடுப்பு வரலாறான அனபாஸிஸின் முதல் புத்தகம், பிறகு லிசியாஸின் முதல் உரை, அதன்பின் அப்பாலஜி. செனபோனை வாசிக்கும்போதே ஆப்டடிவ் வரும் ஒவ்வொரு இடத்தையும் அடிக்கோடிட்டு, அது விருப்பமா, நிபந்தனையா, இறந்தகால வினையைத் தொடர்ந்த துணைவாக்கியமா என்று ஓரத்தில் எழுதி வர வேண்டும். ஆட்டிக்கிலிருந்து ஹோமருக்குப் போகிறவர் முதல் இரண்டு வாரம் நாளுக்கு ஐந்து வரிக்கு மேல் எடுக்காமல், ஒவ்வொரு வரியையும் ஆறு சீராகப் பிரித்து உரக்கப் படித்தபின் அகராதியைத் திறப்பது நல்லது. சீர் பிரித்தாலே பாதி விகுதிகள் ஏன் அப்படி நீண்டிருக்கின்றன என்பது தெரிந்துவிடும்.