காத்துக்கும் புயலுக்கும் எல்ஃப் மொழில பேரு தேடுறீங்களா, எல்டாமோ அகராதி ரிவ்யூ

கதைக்கோ கேமுக்கோ எல்ஃப் மொழில பேரு வைக்கணும்னு தேடுறவங்க முக்காவாசி பேரு முதல்ல போய் மாட்டுறது எங்கயாச்சும் ஒரு நீளமான வார்த்தை லிஸ்ட்லதான். அதுல காத்துன்னு தேடினா நாலஞ்சு வார்த்தை வரிசையா நிக்கும், எது க்வென்யா எது சிந்தரின் (லார்ட் ஆஃப் த ரிங்ஸ் எழுதின டோல்கீன் உருவாக்கின ரெண்டு எல்ஃப் மொழிங்க), அவர் அத எந்த வருஷம் எழுதினாரு, அப்புறம் தூக்கிப்போட்டாரா, ஒரு தகவலும் இருக்காது, எல்லாத்தையும் கலந்துகட்டி அடிச்சிருப்பாங்க. எல்டாமோ அப்படியே நேரெதிர், அதனாலதான் இத எழுதுறேன். ஃப்ரீ, லாகின் எதுவும் கேக்காது, மொத்தத்தையும் டவுன்லோட் பண்ணி நெட் இல்லாமலும் பாக்கலாம்.

இதோட பெரிய பலம் என்னன்னா ஒவ்வொரு வார்த்தைக்கும் காலம் குறிச்சிருக்கும். 1930க்கு முந்தி ஒரு கட்டம், 1930லேர்ந்து 1950 வரைக்கும் ஒண்ணு, அதுக்கப்புறம் 1973ல அவர் சாகுற வரைக்கும் இன்னொண்ணு. டோல்கீன் சாகுற வரைக்கும் இந்த மொழிகள மாத்திக்கிட்டே இருந்த ஆளு, அதனால காலம் தெரியாம ஒரு வார்த்தைய எடுத்தா அது அவரே கைவிட்டதா கூட இருக்கலாம்.

காத்தையே எடுத்துக்குங்க. க்வென்யால சூரே. அந்தப் பக்கத்த திறந்தா அது எந்தெந்த வரில வருதுன்னு லிங்க் இருக்கும், அதுல ஒண்ணு 1954ல வந்த லார்ட் ஆஃப் த ரிங்ஸ் முதல் பாகத்துல கலாட்ரியல்ங்கற எல்ஃப் ராணி பாடுற பாட்டு, அங்க அது சூரினென்னு வரும். சூரே எப்படி சூரி ஆச்சுன்னு முழிக்க வேண்டாம், பழைய வடிவத்துல கடைசில இருந்தது இ, தனியா நிக்கும்போது அது ஏ ஆயிடுது, பின்னாடி உருபு ஒட்டினா பழைய இ திரும்பி வந்துடுது, நென்னுங்கறது நம்ம மூணாம் வேற்றுமை 'ஆல்' மாதிரி, ஆக காற்றால். தமிழ் இலக்கணம் கொஞ்சம் படிச்சவங்களுக்கு இது டக்குனு பிடிபடும், இந்த இடத்துல எனக்கு வந்த சந்தோஷத்த சொல்லி மாளாது.

சிந்தரினுக்கு வந்தா ரெண்டு வார்த்தை. ஒண்ணு சூல், கதைல வர்ற வெதர்டாப் மலையோட எல்ஃப் பேரு அமோன் சூல்ல வர்றது. இன்னொண்ணு குவாய்வ், இதுதான் கழுகு ராஜா குவாய்ஹிர் பேருக்குள்ள இருக்கு, மார்ச் மாசத்துக்கு குவாய்ரோன்னு பேரு வந்ததும் இதுலேர்ந்துதான். அதே மாசத்துக்கு க்வென்யால சூலிமே. இது ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எந்த வேர்லேர்ந்து எது வந்துச்சுன்னு கிளைகிளையா காட்டுறாங்க பாருங்க, சாதாரண லிஸ்ட்ல இது கிடைக்கவே கிடைக்காது. மெல்லிசா வீசுற காத்துக்கு க்வென்யால ஹ்வெஸ்தா, அது தெங்வார்ங்கற எல்ஃப் லிபில ஒரு எழுத்தோட பேரும் கூட.

புயலுக்குத்தான் சரக்கு கொஞ்சம் கம்மி, ஆனா இருக்கிறது எல்லாம் நல்ல கனமான சரக்கு. க்வென்யால ரவுமோன்னு ஒரு வார்த்தை, புயலோட சத்தம். உடைஞ்ச கப்பல் பத்தி டோல்கீன் எழுதின க்வென்யா கவிதைல அந்த ரவுமோ முணுமுணுக்குதுன்னு வரும், கத்துதுன்னு இல்ல, முணுமுணுக்குது, தூரத்துல கடல்ல புயல் நிக்கும்போது அப்படித்தானே கேக்கும். அப்புறம் அலகோஸ், காத்தோட அடிக்கிற புயல், பாய்ஞ்சு ஓடுறதுங்கற வேர்லேர்ந்து வந்தது, கறுப்பு டிராகன் அன்கலகோன் பேருல இருக்கிறதும் அதே வேர்தான். ஆனா அலகோஸ் 1930கள்ல எழுதின வேர்ச்சொல் பட்டியல்ல இருக்கிற நோல்தோரின் வார்த்தை, நோல்தோரின்தான் பின்னாடி சிந்தரின் ஆச்சு, அதனால சிந்தரின்ல அத தாராளமா யூஸ் பண்ணலாம்னுதான் நான் சொல்வேன், ஆனா அது நோல்தோரின்னு எல்டாமோ பளிச்சுனு குறி போட்டு வச்சிருக்கு, முடிவ நம்மகிட்ட விட்டுடுது. எனக்கு இந்த நேர்மை ரொம்ப பிடிச்சிருக்கு.

இன்னொரு விஷயம், இதுக்காகவே போய் பாக்கலாம். டோல்கீன் கதைல காத்துக்கு அதிபதியான மன்வேயோட பட்டப்பேரு சூலிமோ, அந்த முன்பாதி மூச்சு விடுறது ஊதுறதுங்கற வேர்லேர்ந்து வந்தது, பழைய காலத்துல அந்த எழுத்து ஸ இல்ல, பல்லு நடுவுல நாக்க வச்சு சொல்ற த. நோல்தோர்ங்கற எல்ஃப் கூட்டத்துல எல்லாரும் அத ஸன்னு மாத்தினப்போ அவங்க இளவரசன் ஃபியனோர் மட்டும் மாட்டேன்னு நின்னான், ஏன்னா அவன் அம்மா மீரியலோட இன்னொரு பேரு தெரின்தே அந்த சத்தத்துலதான் ஆரம்பிக்கும். ஆக ஃபியனோர் வீட்டு ஆளு பேசுற மாதிரி வசனம் எழுதினா சூலிமோன்னு வைக்காம தூலிமோன்னு வச்சா பொருத்தமா இருக்கும். இந்த ஒலி மாத்தத்துக்கெல்லாம் எல்டாமோல தனித்தனி பக்கம் இருக்கு, ஒரு வார்த்தைலேர்ந்து கிளிக் பண்ணி கிளிக் பண்ணி போயிக்கிட்டே இருக்கலாம், நேரம் போறதே தெரியாது.

குறைன்னு பாத்தா, புதுசா வர்றவங்களுக்கு முதல்ல தலை சுத்தும். சின்னச்சின்ன குறியீடு ஏகப்பட்டது, அந்த விளக்கப் பக்கத்த ஒருதடவ பொறுமையா படிக்காம உள்ள போகாதீங்க. பாக்கவும் பளபளப்பு கிடையாது, முழுக்க எழுத்துதான், எல்லாம் இங்கிலீஷ்லதான். சட்டுனு ஒரு வார்த்தை வேணும்னா பார்ஃப் எதெல்லென்னு இன்னொரு அகராதி இருக்கு, தேடுறது அதுல ஈஸி, பல மூலங்கள்லேர்ந்து சேத்து காட்டும், எல்டாமோவோட டேட்டாவும் அதுல வரும். நான் சொல்றது, அங்க தேடுங்க, பிடிச்ச வார்த்தைய இங்க வந்து சரிபாருங்க.

ரசிகர்கள் பின்னாடி உருவாக்கின வார்த்தைகளும் எல்டாமோல உண்டு, ஆனா டோல்கீன் எழுதினதோட குழப்பிக்க முடியாதபடி தனி குறி போட்டிருக்கும். பச்சை குத்திக்க வார்த்தை தேடுறவங்க அந்தக் குறிய கண்டிப்பா பாத்துட்டு அப்புறம் கடைக்கு போங்க.

அஞ்சுக்கு நாலரை. அந்த அரை போனது குறியீட்டுக்காக மட்டும்தான்.