அபராதமா, சான்றிதழா, காட்டில் உரிமையா?

வெப்பமண்டலக் காட்டில் பொறுப்பாக மரம் வெட்டுவது எப்படி என்பது ரகசியம் இல்லை. மரங்களைப் பின்னிக் கிடக்கும் கொடிகளை முன்பே அறுத்துவிட வேண்டும். எந்தப் பக்கம் சாய்ப்பது, கட்டைகளை எந்த வழியில் இழுப்பது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். இதைச் செய்தாலே சுற்றியுள்ள மரங்களுக்கு ஆகும் சேதம் வெகுவாகக் குறையும். சரி, இதைச் செய்ய வைப்பது எது?

முதலில் நினைவுக்கு வருவது அபராதம். தொகையை எவ்வளவு உயர்த்தினாலும், பிடிபடும் வாய்ப்பு குறைவாக இருந்தால் அதற்குப் பயன் இல்லை. காட்டை மொட்டையடித்தால் செயற்கைக்கோள் எளிதில் காட்டிவிடும். அடர்ந்த காட்டுக்குள் ஒன்றிரண்டு மரங்களை மட்டும் வெட்டினால் அதைக் கண்டறிவது கடினம்.

சான்றிதழ் இதைவிட நயமான வழி. பொறுப்பாகப் பராமரிக்கப்படும் காடுகளுக்குச் சான்றிதழ் தரும் சர்வதேச அமைப்பான எஃப்எஸ்சி (FSC) 1993-இல் உருவானது. மலேசியாவின் சபா மாநிலத்தில் உள்ள தெராமகோட் காடு 1997-லேயே அதன் சான்றிதழைப் பெற்றது. ஆனால் செலவை முதலில் வெட்டுபவர் ஏற்க வேண்டும். கூடுதல் விலை பின்னால் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். வெப்பமண்டல மரத்தில் பெரும்பகுதி உள்நாட்டிலேயே விற்றுப்போகிறது. அங்கே சான்றிதழ் முத்திரையைக் கேட்டு வாங்குவோர் குறைவு. சிறிய ஒப்பந்ததாரருக்கு இது எட்டாக்கனி.

முன்கூட்டியே வைப்புத்தொகை வாங்கி, விதிப்படி வெட்டியிருந்தால் திருப்பித் தருவது எனக்குப் பிடித்த யோசனை. அபராதத்தில் தவறை நிரூபிப்பது அரசின் வேலை. இதில் ஒழுங்கை நிரூபிப்பது வெட்டுபவரின் வேலை. ஆனால் ஆய்வாளர் நேர்மையானவராக இருக்க வேண்டும், பணமும் இழுத்தடிக்காமல் திரும்ப வேண்டும்.

இவற்றைவிட நான் அதிகம் நம்புவது நீண்டகால உரிமையை. குவாத்தமாலாவின் பெத்தேன் பகுதியில், 1990-இல் அமைக்கப்பட்ட மாயா உயிர்க்கோளக் காப்பகத்துக்குள், உள்ளூர்ச் சமூகங்களுக்கு 25 ஆண்டு ஒப்பந்தத்தில் காடு தரப்பட்டது. அவற்றில், பல ஆண்டுகளாக மக்கள் வாழ்ந்துவரும் காடுகளில் அழிவு மிகக் குறைவு. அதே காப்பகத்தின் மேற்கிலுள்ள தேசியப் பூங்காக்களில் பெரும்பரப்பு மேய்ச்சல் நிலமாகிவிட்டது. இன்று விட்டுவைக்கும் இளமரம் நாளை தன் பிள்ளைக்கு என்று தெரிந்தவர் அதன்மேல் பெரிய மரத்தைச் சாய்க்கமாட்டார். பிரேசிலின் 2006 சட்டம் குத்தகையை 40 ஆண்டுவரை அனுமதிப்பதும் இந்தக் கணக்கில்தான். ஒரு வெட்டுச் சுழற்சியே, அதாவது வெட்டிய இடத்தில் மறுபடி வெட்டும்வரையிலான காலமே, 30, 35 ஆண்டு எடுக்கும்போது, ஐந்தாண்டுக் குத்தகைக்காரர் எதற்காக அடுத்த சுழற்சியை நினைக்கப்போகிறார்?

அப்புறம், உரிமை முதலாளியிடம் இருந்தாலும் ரம்பம் தொழிலாளியின் கையில்தான். அவருக்குக் கன மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி தந்தால், கொடி அறுக்கும் நேரம் அவருக்கு நஷ்டம். அந்த நேரத்துக்கும் கூலியில் ஒரு பங்கு வேண்டும்.