எம்.ஆர்.பி., கான்பான், நேரலைத் திட்டம்: எந்த ஆலைக்கு எது?

ஆலை மெஷின்களை நெட்வொர்க்கில் இணைத்து, அவை அனுப்பும் தகவலை வைத்து உற்பத்தித் திட்டத்தை உடனுக்குடன் மாற்றும் நேரலைத் திட்டம் வந்துவிட்டால், எம்.ஆர்.பி., கான்பான் போன்ற பழைய திட்டமிடல் முறைகளை மூட்டை கட்டிவிடலாம் என்று பேசப்படுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஐ.பி.எம்.மின் ஜோசப் ஆர்லிக்கி போன்றோர் 1960களில் வளர்த்தெடுத்த எம்.ஆர்.பி. (பொருள் தேவையைக் கணக்கிடும் கம்ப்யூட்டர் முறை), ஆர்டரைப் பாகம் பாகமாகப் பிரித்து, எது எவ்வளவு, எப்போது வேண்டும் என்று சொல்லிவிடும். கொள்முதலுக்கு இன்றும் அதுதான் கைகொடுக்கிறது. ஆனால் லீட் டைமை, அதாவது ஒரு பாகம் கைக்கு வர ஆகும் நாட்களை, மாறாத எண்ணாக எடுத்துக்கொள்ளும். மெஷினால் அவ்வளவு வேலையைத் தாங்க முடியுமா என்று அதன் அடிப்படைக் கணக்கு பார்ப்பதில்லை. இரவு ஷிஃப்டில் ஒரு மெஷின் நின்றால், யாராவது பதிவு செய்யும்வரை திட்டத்துக்குத் தெரியாது.

டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ கொண்டுவந்த கான்பானில், அடுத்த கட்டம் எடுத்துக்கொண்ட அளவுக்குத்தான் முந்தைய கட்டம் தயாரிக்கும். ஒரே பாகம் தினமும் ஓடும் லைனுக்கு இதைவிட எளிய வழி இல்லை. வாரத்துக்கொரு டிசைன் மாறும் ஜாப் ஒர்க் பட்டறைக்கு ஒத்துவராது. கான்பானில் ஸ்டாக்கும் மிகக் குறைவாகவே இருக்கும் என்பதால், வரத்து நின்றால் லைனும் நின்றுவிடும். 1997 பிப்ரவரியில், டொயோட்டாவுக்குப் பாகங்கள் தரும் ஐசின் நிறுவனத்தின் கரியா ஆலையில் தீப்பிடித்து பிரேக் வால்வு வரத்து நின்றதும், சில நாட்களிலேயே ஜப்பானில் டொயோட்டாவின் உற்பத்தி ஏறக்குறைய முழுவதும் முடங்கியது.

நேரலைத் திட்டம் நிஜமாகவே புதிதாகத் தருவது ஒன்று உண்டு. மெஷின் நின்ற நிமிடமே வேலையை மாற்று மெஷினுக்குத் தள்ளி, டெஸ்பாட்ச் தேதியையும் திருத்திவிடும். பல ரகம், சிறு எண்ணிக்கை என்று ஓடும் ஆலைக்கு இது பெரிய விஷயம். ஆனால் சைக்கிள் டைமும் (ஒரு பாகம் செய்ய ஆகும் நேரம்) செட்டிங் நேரமும் (அடுத்த வேலைக்கு மெஷினைத் தயார் செய்யும் நேரம்) ஏட்டில் தப்பாக இருந்தால், தப்பான வரிசையைத்தான் அது வேகமாகப் போட்டுத் தரும்.

இணைப்பை நம்பியிருப்பதிலும் ஆபத்து உண்டு. 2023 ஆகஸ்ட் 29 அன்று டொயோட்டாவின் 14 ஜப்பானிய ஆலைகளும் நின்றன. பாகங்களை ஆர்டர் செய்யும் சர்வர்களில் டிஸ்க்கில் இடம் போதாமல் போனதே காரணம். பேக்அப்பும் அதே சிஸ்டத்தில் இருந்ததால் மாற முடியவில்லை.

என் தேர்வு கலவைதான்: கொள்முதலுக்கு எம்.ஆர்.பி., தினசரி ஓடும் பாகங்களுக்குக் கான்பான், வேலை குவிந்து நிற்கும் அந்த ஒன்றிரண்டு மெஷின்களுக்கு மட்டும் முதலில் நேரலை. ஆலை முழுக்க ஒரே நாளில் மாற்றச் சொல்லும் சாஃப்ட்வேர் விற்பனையாளரிடம், நெட் போனால் அடுத்த ஷிஃப்டுக்கான வேலை வரிசை மெஷின் பக்கத்தில் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள்.