ஆர்எக்ஸ் 100 பிளாக் போர் போட குடுக்கறவங்க ஒரு நிமிஷம் இத படிங்க

கோயம்புத்தூர்ல ஒரு லேத் பட்டறைல என் 94 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கோட பிளாக்க (பிஸ்டன் ஏறி இறங்கற சிலிண்டர்) போர் போட, அதாவது தேஞ்ச உள்சுவர கடைஞ்சு பெருசாக்க குடுத்தேன், கெடுத்து குடுத்துட்டாங்க. வயித்தெரிச்சல்ல தான் எழுதறேன்.

பிளாக் ஏற்கனவே 0.25ல இருந்துச்சு, அதாவது கம்பெனி சைஸ விட 0.25 எம்எம் பெருசா. இழுவை சுத்தமா போயிடுச்சுன்னு 0.50 பிஸ்டன் கிட் வாங்கி பிளாக்கோட சேத்தே குடுத்தேன், ஏன்னா போர் போடறவர் கைல இருக்கற பிஸ்டன மைக்ரோமீட்டர்ல அளந்து தான் போடணும், டப்பா மேல போட்டிருக்கற சைஸ நம்பி போடக்கூடாது. இந்த வண்டிக்கு பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவுல சுமாரா 0.04 எம்எம் தான் கேப். அது கம்மியாச்சுன்னா சூட்டுல பிஸ்டன் விரிஞ்சு புடிச்சுக்கும்.

சாயங்காலம் போனா வேலை முடிஞ்சுதுன்னாங்க, போர், ஹோனிங் (கல்லு விட்டு உள்சுவர தேய்க்கறது) ரெண்டுக்கும் சேத்து 1,200 வாங்கிட்டாங்க. பிஸ்டன் டப்பால நான் வீட்ல ரெண்டு சுத்து சுத்தின ரப்பர் பேண்ட் அப்படியே இருந்துச்சு. டப்பாவ திறக்கவே இல்ல. அப்பவே கேட்டிருக்கணும், உள்ள பளபளன்னு இருக்கறத பாத்துட்டு வாங்கிட்டு வந்துட்டேன். அந்த பளபளப்பு தான் தப்பே. ஹோனிங் கல்லு ஓடின சுவர்ல குறுக்கும் நெடுக்குமா மெல்லிசா கோடு தெரியணும், அதுல தான் ஆயில் நிக்கும், பிஸ்டன் மேல இருக்கற ரிங்கும் அதுல உரசி தான் செட் ஆகும்.

வண்டி மாட்டி 60 கிலோமீட்டர் கூட ஓடல. 40 ஸ்பீட தாண்டவே இல்ல, பொள்ளாச்சி ரோட்டுல போயிட்டு இருக்கும்போதே திடீர்னு பின் வீல் லாக் ஆகி கீச்சுன்னு இழுத்துச்சு, கிளட்ச் புடிச்சதால விழாம தப்பிச்சேன், பின்னாடி லாரி எதுவும் வரல. கழட்டி பாத்தா பிஸ்டன்ல நாலு மூலையிலயும் உரசல், பிளாக்ல நகம் வெச்சா மாட்டற அளவுக்கு கோடு.

லேத்துல போய் கேட்டா "ஆயில் கம்மியா ஊத்திருப்பீங்க தம்பி"ங்கறாங்க. ஆயில் பம்ப் நல்லா வேலை செய்யுது, அது போக ரன்னிங் இன்னுக்காக (புது பிஸ்டன் பழகற வரைக்கும்) பெட்ரோல்லயும் 2டி ஆயில் கலந்திருந்தேன்.

அப்புறம் வேற ஒரு பெரியவர் கிட்ட கொண்டு போனேன். போர் கேஜ் (உள் விட்டம் அளக்கற கருவி) விட்டு மேல, நடுவுல, கீழன்னு மூணு எடத்துலயும் ரெண்டு பக்கமா அளந்தார். கீழ போகப்போக டைட்டு. "கல்லே போடல தம்பி, எமெரி பேப்பர் தேச்சிருக்காங்க"ன்னார். எக்ஸாஸ்ட் போர்ட் (பிளாக் சுவர்ல புகை வெளிய போற ஓட்டை) ஓரத்துல விரல் வெச்சு பாக்க சொன்னார், பிளேடு மாதிரி இருந்துச்சு. டூ ஸ்ட்ரோக்ல போர் போட்டா அந்த ஓரத்த மழுக்கி விடணும், இல்லன்னா ரிங் போர்ட்ல மாட்டி உடையும். அதையும் பண்ணல.

காசு போனது கூட பரவால்ல. போர்ல ஒரு தடவ எடுத்த இரும்பு திரும்ப வராது. 0.50 ஒழுங்கா போட்டிருந்தா வருஷக்கணக்குல ஓடியிருக்கும், 60 கிலோமீட்டர்ல முடிச்சிட்டாங்க.

இப்ப பெரியவர் கிட்ட 0.75 போட குடுத்திருக்கேன், பிஸ்டன அளந்து நோட்டுல எழுதிட்டு தான் மிஷின்ல ஏத்தினார், நானும் பக்கத்துலயே நின்னேன். இதுக்கு மேல 1.00 ஒண்ணு தான் பாக்கி.