பாராமெடிக்கல் படிப்புக்குப் பணம் கட்டுறதுக்கு முன்னால இதை வாசிச்சிருங்க

பிளஸ் டூ ரிசல்ட் வந்துட்டாப் போதும், நெல்லை, தென்காசிப் பக்கம் பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்கெல்லாம் போன் வர ஆரம்பிச்சிரும். "பாப்பா எவ்வளவு மார்க்? நம்மகிட்ட டிஎம்எல்டி, ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன், டயாலிசிஸ் எல்லாம் இருக்கு. நூறு சதவீதம் வேலை." நம்பர் எங்க கிடைச்சதுன்னு கேட்டா மட்டும் பதில் வராது. அப்படி ஒரு போனுக்கு அப்புறம்தான் நான் திருநெல்வேலியில ஒரு சின்னக் கல்லூரியில டிஎம்எல்டி, அதாவது லேப் டெக்னீஷியன் டிப்ளமோ, சேர்ந்து ரெண்டு வருஷம் படிச்சேன். கல்லூரி பேரைப் போட வேண்டாம்னு வக்கீல் சொல்லியிருக்காரு, அதனால போடல. எப்படி ஏமாத்துறாங்கன்னு தெரிஞ்சாலே போதும், பேர் எதுவா இருந்தாலும் நீங்களே கண்டுபிடிச்சிருவீங்க.

கீழே செல்போன் கடை, மேலே ரெண்டு மாடியில கல்லூரி. ஏறினதும் சுவர் பூரா பிரேம் போட்ட சர்டிபிகேட். "பாத்துக்கிடுங்க அண்ணாச்சி, எல்லாம் கவர்மென்ட் ரெஜிஸ்டர்டு"ன்னு தாளாளர் எங்க அப்பாகிட்ட ஒவ்வொண்ணா காட்டினாரு. ஒண்ணு, சார்பதிவாளர் ஆபீஸ்ல டிரஸ்ட் பதிஞ்ச பத்திரம். அது பத்து பேர் சேர்ந்து கோயில் கமிட்டி வச்சாலும் கிடைக்கும். இன்னொண்ணு ஐஎஸ்ஓ 9001. அது ஒரு நிர்வாகத்தோட நடைமுறைக்குத் தனியார் ஏஜென்சி தர்ற சான்று, பாடம் நடத்த யாரும் தந்த அனுமதி கிடையாது. மூணாவது, சிறுதொழிலுக்கு ஆன்லைன்ல எடுக்கிற உத்யம் பதிவு. மூணுமே உண்மையான காகிதம்தான், அதுலதான் சாமர்த்தியம். போலின்னு நாம சொல்லவே முடியாது.

பீஸ் வருஷத்துக்கு 45,000 ரூபாய். எங்க ஊர் முக்கூடல் பக்கம். அம்மா பீடி சுத்துறாங்க, மகளிர் குழுவுல லோன் போட்டுக் கட்டினாங்க. வெரிபிகேஷனுக்குன்னு டிசி, மார்க் ஷீட் ஒரிஜினல் எல்லாத்தையும் வாங்கி பீரோவுல வச்சுப் பூட்டிக்கிட்டாங்க.

லேப்னு ஒரு ரூம் இருந்துச்சு. மைக்ராஸ்கோப் ஒண்ணு, பல்பு பியூஸ் போனது. ஜன்னல் பக்கம் திருப்பி வச்சு வெளிச்சம் பிடிச்சுப் பாக்கச் சொல்லுவாங்க. செல் எண்ணுறதுக்கு நியூபார் சேம்பர்னு ஒரு கண்ணாடி ஸ்லைடு உண்டு, அதைப் படமா நோட்டுல வரைஞ்சதோட சரி. சொல்லிக்கொடுத்த மிஸ், போன வருஷம் அங்கேயே படிச்சு முடிச்ச அக்கா. அவங்களைக் குறை சொல்ல மனசு வரல, அவங்களுக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கலையே. ஆஸ்பத்திரி டிரெய்னிங்னு ஒரு நர்சிங் ஹோம்ல விட்டாங்க. அங்க ஓபி சீட்டு எழுதினோம், வீல் சேர் தள்ளினோம், நைட் டூட்டி பார்த்தோம். சம்பளம் கிடையாது. லேப் பக்கம் போனா, "சும்மா நிக்காதீங்க, வெளிய போங்க"ம்பாங்க.

பரீட்சைக் கேள்வி எடுத்தது அவங்க, பேப்பர் திருத்தினது அவங்க. கடைசியில ஹோலோகிராம் ஒட்டின சர்டிபிகேட்ல டெல்லி விலாசத்தோட ஏதோ ஒரு கவுன்சில் பேரு. பல்கலைக்கழகம்னு ஒரு எழுத்து இல்ல.

அதை எடுத்துக்கிட்டு வண்ணார்பேட்டையில ஒரு லேப்புக்கு வேலை கேட்டுப் போனேன். இன்சார்ஜ் அக்கா சர்டிபிகேட்டைத் தொடல. ஊதா மூடி டியூப் ஒண்ணு, நீல மூடி டியூப் ஒண்ணு மேஜையில வச்சாங்க. "ஏ பிள்ள, பிடி-ஐஎன்ஆர் டெஸ்டுக்கு எதுல ரத்தம் எடுப்ப?" ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாக்கிற டெஸ்ட் அது. நீலம்னேன். "எவ்வளவு?" வாயே திறக்க முடியல. அவங்களே டியூபைத் தூக்கி, மேல இருக்கிற கோட்டைக் காட்டினாங்க. உள்ள இருக்கிறது சோடியம் சிட்ரேட், அது ஒரு பங்குன்னா ரத்தம் ஒன்பது பங்கு இருக்கணும். பாதி டியூப் எடுத்தா சிட்ரேட் கூடிப் போய், ரத்தம் உறைய ரொம்ப நேரம் ஆகுதுன்னு ரிசல்ட் தப்பா வரும். "வால்வு ஆபரேஷன் பண்ணின ஆளுக்கு அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர், ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கிற மாத்திரையைக் குறைச்சிருவாரு. அப்புறம் வால்வுல ரத்தம் கட்டி பக்கவாதம் வந்துச்சுன்னா யாரு பதில் சொல்லுவா?"

வேலை தரல. அது நியாயம்தான். எங்க அம்மாவுக்கு ரத்தம் எடுக்க என்னை மாதிரி ஒருத்தி வந்தா நானும் விடமாட்டேன். வெளிய வரும்போது, "இதை வச்சு எம்ஆர்பிக்கும் அப்ளை பண்ண முடியாதும்மா, தெரியுமில்ல?"ன்னாங்க. கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கிற அந்த எம்ஆர்பி வாரியத்தோட அறிவிப்பை அன்னைக்கு ராத்திரிதான் முழுசா வாசிச்சேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதுக்கு, ரெண்டாவது வருஷ பாக்கியைக் கட்டினாத்தான் ஒரிஜினலே தருவோம்னு மிரட்டினாங்க. திங்கக்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல மனு கொடுத்தோம். ஸ்டேஷன்ல இருந்து ஒரு போன் போனதும் ஒரிஜினல் வந்துருச்சு. பணம் வரல. ஏன்னா எங்க கையில இருந்த ரசீது அத்தனையிலயும் 'கல்வி நன்கொடை'ன்னு அடிச்சிருந்துச்சு. எங்கேயும் பீஸ்ங்கிற வார்த்தையே இல்ல. நாங்க ஆசைப்பட்டுக் குடுத்த தர்மமாம்!

அதனால, அங்கீகாரம் இருக்கான்னு கேக்காதீங்க, இருக்குன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. பரீட்சை யாரு நடத்துறா, சர்டிபிகேட்ல யாரு கையெழுத்துப் போடுறா, அதைக் கேளுங்க. பிஎஸ்சி டிகிரின்னா கிண்டியில இருக்கிற தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்னு சொல்லுவாங்க. அதோட வெப்சைட்ல கல்லூரி பேரை மட்டும் பார்த்துட்டு வந்துராதீங்க, நீங்க சேரப்போற கோர்ஸ் அந்தக் கல்லூரிக்கு நேரா இருக்கான்னு பாருங்க. ஒரு கோர்ஸுக்கு அனுமதி வாங்கி அஞ்சு கோர்ஸ் நடத்துறவங்களும் உண்டு. நர்சிங் பேரைச் சொல்லி ஒரு வருஷ டிப்ளமோன்னா கிட்டவே போகாதீங்க. நர்சிங் படிப்புல ஏஎன்எம் ரெண்டு வருஷம், ஜிஎன்எம் மூணு வருஷம், முடிச்சா மாநில நர்சிங் கவுன்சில்ல பதியணும். ஒரு வருஷப் படிப்பை வச்சு அங்க நர்ஸா பதிய முடியாது. 2021-ல துணை மருத்துவத் தொழிலுக்குன்னே தேசிய ஆணையச் சட்டம் வந்திருக்கு. அந்தப் பேரையும் இப்ப பிளெக்ஸ்ல போட ஆரம்பிச்சிருக்காங்க, அனுமதி ஆர்டர் நகலைக் காட்டச் சொல்லுங்க. "புராசஸ்ல இருக்கு"ன்னு சொன்னா எழுந்திரிச்சு வந்துருங்க.

சயின்ஸ் குரூப் படிச்ச பிள்ளைங்க முதல்ல அரசு மருத்துவக் கல்லூரிகள்ல இருக்கிற படிப்புக்கு, மருத்துவக் கல்வி தேர்வுக் குழு வழியா அப்ளிகேஷன் போடுங்க. நமக்கு ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரியே பக்கத்துல இருக்கு, பீஸும் ரொம்பக் கம்மி. அந்தக் கவுன்சிலிங் முடியுறதுக்குள்ள இவங்க பத்து தடவை போன் பண்ணி, சீட் முடியப்போகுது, அட்வான்ஸ் மட்டுமாவது கட்டுங்கன்னு அவசரப்படுத்துவாங்க. கட்டாதீங்க. மார்க் ஷீட் கேட்டா ஜெராக்ஸ் மட்டும் குடுங்க.