டெஸ்ட் லேம்ப்பா, டைமிங் லைட்டா, காதா? பழைய கார் எஞ்சினுக்கு டைமிங் வைக்கும் வழிகள்

பிஸ்டன் எங்கே இருக்கும்போது பிளக்கில் ஸ்பார்க் வர வேண்டும் என்று சரிசெய்வதுதான் டைமிங் வைப்பது. பாயின்ட் (திறந்து மூடி ஸ்பார்க்கை உண்டாக்கும் தொடுமுனை) வைத்த பழைய எஞ்சினுக்கு அதைச் செய்ய நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன: டெஸ்ட் லேம்ப், டைமிங் லைட் (ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் மின்னி, ஓடும் எஞ்சினின் குறியைக் காட்டும் விளக்கு), வேக்குவம் கேஜ் (எஞ்சின் உறிஞ்சும் வேகத்தைக் காட்டும் மானி), காது. நான்கையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லேம்ப்பில் தொடங்கி, லைட்டில் சரிபார்த்து, காதில் முடிக்க வேண்டும். ஒன்றை மட்டும் நம்புவதென்றால் டைமிங் லைட்.

எந்த வழியானாலும் முதல் வேலை பாயின்ட் கேப், அதாவது பாயின்ட் முழுதாகத் திறக்கும்போது உள்ள இடைவெளி. கேப் கூடினால் பாயின்ட் முன்னதாகத் திறந்து டைமிங் அட்வான்ஸ் ஆகிவிடும் (ஸ்பார்க் முந்தும்), குறைந்தால் ரிடார்ட் ஆகும் (பிந்தும்). டைமிங் வைத்த பிறகு கேப்பைத் தொட்டால் எல்லாம் முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான். பல எஞ்சின்களில் இது 0.4 மி.மீ. அளவில் இருக்கும். உங்கள் எஞ்சினுக்கு அதன் கையேடு சொல்வதே கணக்கு.

டெஸ்ட் லேம்ப் முறைக்கு ஒரு 12 வோல்ட் பல்பும் இரண்டு வயரும் போதும். ஒரு வயரை, காயிலில் டிஸ்ட்ரிபியூட்டர் (பாயின்ட் உள்ளே இருக்கும், பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்பும் பாகம்) வயர் சேரும் முனையிலும், மற்றதை எர்த்திலும் கொடுத்து இக்னிஷனை ஆன் செய்யுங்கள். பாயின்ட் மூடியிருக்கும்வரை பல்பு எரியாது. திறந்த நொடியில் எரியும். முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் இருக்கும்போது, கிராங்க் புல்லியைக் கையால் சுற்றிக் குறிப்பிட்ட டிகிரிக்கு (பிஸ்டன் உச்சிக்கு வர கிராங்க் இன்னும் சுற்ற வேண்டிய அளவு) கொண்டுவந்து, பல்பு எரியத் தொடங்கும் இடத்தில் டிஸ்ட்ரிபியூட்டரை நிறுத்த வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரை, அதன் உள்ளே இருக்கும் ரோட்டர் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் அட்வான்ஸ். கேம் வேகம் கிராங்கில் பாதி என்பதால், டிஸ்ட்ரிபியூட்டரில் 1 டிகிரி நகர்த்தினால் கிராங்கில் 2 டிகிரி மாறும். அதனால் மெல்லத் திருப்புங்கள். புல்லியை எப்போதும் எஞ்சின் ஓடும் திசையிலேயே சுற்றுங்கள். குறியைத் தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னால் போய் மறுபடி முன்னால் வாருங்கள். இல்லாவிட்டால் செயினிலும் கியரிலும் உள்ள ஆட்டம் கணக்கைக் கெடுத்துவிடும். பிரித்துப் பூட்டிய எஞ்சினை முதல் தடவை ஸ்டார்ட் செய்ய இதுதான் ஒழுங்கான வழி.

ஆனால் நின்றுகொண்டிருக்கும் எஞ்சினைத்தான் லேம்ப் பார்க்கிறது. 3000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு மில்லி செகண்டுக்கு 18 டிகிரி சுற்றுகிறது. பெட்ரோல் எரிய நேரம் வேண்டும் என்பதால், வேகம் ஏற ஏற ஸ்பார்க் முன்னதாக வந்தாக வேண்டும். அந்த வேலையை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் வெயிட்டும் ஸ்பிரிங்கும் செய்கின்றன. என் காரில் ஒருமுறை லேம்ப் துல்லியமாகக் காட்டியது. ஸ்டார்ட்டிங் பிரமாதம், ஐடிலிங் சீர், ஆனால் மேடு வந்தால் இழுவையே இல்லை. கார்பரேட்டரைப் பிரித்து இரண்டு நாள் வீணானது. டைமிங் லைட்டை இரவல் வாங்கி அடித்து ரேஸ் கொடுத்தேன். புல்லிக் குறி இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. வெயிட் இரண்டும் துருவில் இறுகிப்போயிருந்தன. சுத்தம் செய்து இரண்டு சொட்டு ஆயில் விட்டதும் வண்டி மாறிவிட்டது.

டைமிங் லைட்டின் அருமை அங்கேதான். கிளிப்பை முதல் பிளக் வயரில் மாட்டி, குறியில் சாக்பீஸ் தடவி, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்குவம் பைப்பைக் கழற்றி அடைத்துவிட்டு அடிக்க வேண்டும். இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கையேட்டில் நிறுத்திவைத்துப் பார்க்கும் அளவு வேறு, ஓடும்போது பார்க்கும் அளவு வேறு. பழைய எம்ஜிபி காரில் முதலாவது 10 டிகிரி, இரண்டாவது 600 ஆர்பிஎம்மில் 14 டிகிரி. ஒன்றை மற்றதாக எடுத்துக்கொண்டால் 4 டிகிரி போச்சு. அப்புறம் 3000 ஆர்பிஎம்முக்கு மேல் ஏற்றி, குறி எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். பல பழைய எஞ்சின்களில் மொத்த அட்வான்ஸ் 28 முதல் 36 டிகிரிக்குள் இருக்கும். ஐடிலிங் அளவும் இதுவும் சேர்ந்து வராவிட்டால் நான் அதிவேகத்தில் வரும் அளவையே பிடிப்பேன், ஏனென்றால் பிஸ்டன் ஓட்டையாவது அங்கேதான்.

லைட்டுக்கும் பலவீனம் உண்டு. புல்லியில் ரப்பர் வளையம் இருந்து, வெளி வளையம் நழுவியிருந்தால் குறியே பொய். பிளக் துவாரத்தில் பிஸ்டன் ஸ்டாப்பரை வைத்து, இரு பக்கமும் கையால் சுற்றி, அது முட்டும் இரண்டு இடங்களின் நடுவைப் பிடித்தால் பிஸ்டனின் உண்மையான உச்சி தெரியும். இன்னொன்று, அந்த வெளிச்சத்தில் ஃபேன் நின்றுவிட்டது போலத் தெரியலாம். கையை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

வேக்குவம் கேஜால் டைமிங் வைப்பது எனக்கு உடன்பாடில்லை. லோடு இல்லாத ஐடிலிங்கில், அட்வான்ஸ் கூடக் கூட முள் ஏறிக்கொண்டே போகும். அதிக அளவைத் துரத்தினால் தேவைக்கு மேல் போய்விடுவீர்கள்.

காது கடைசியில் வருகிறது. ஃபோர்டு மாடல் டி காரில் ஸ்டியரிங்குக்குக் கீழே இடப்பக்க லீவரால் ஓட்டுநரே ஸ்பார்க்கை முன்பின் தள்ளுவார். எஞ்சின் சொல்வதைக் கேட்டு ஓட்டிய காலம் அது. இன்றும் அந்தப் பழக்கம் உதவும். கையேட்டின் அளவுகள் அந்தக் காலப் பெட்ரோலுக்கு எழுதியவை, உள்ளே படிந்த கார்பனும் சேர்ந்து கணக்கை மாற்றும். எஞ்சின் சூடானதும் டாப் கியரில், குறைந்த வேகத்தில், மேட்டில் அழுத்திப் பாருங்கள். சலங்கை போலச் சத்தம் (நாக்கிங்) வந்தால் 1 அல்லது 2 டிகிரி ரிடார்ட் செய்யுங்கள். காதை மட்டும் நம்பினால் இரண்டு ஆபத்து. அதிவேகத்தில் வரும் நாக்கிங் இரைச்சலில் கேட்காது. டைமிங் ரிடார்டாக இருந்தால் சத்தமே வராது, சூடு மட்டும் ஏறி எக்சாஸ்ட் வால்வைத் தின்னும்.

எல்லாம் முடிந்து கிளாம்ப்பை இறுக்கியதும் மறுபடி ஒரு தடவை லைட் அடியுங்கள். இறுக்கும்போதே டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றிரண்டு டிகிரி நகர்ந்துவிடுவது உண்டு.